குத்துவிளக்குக்கு ஒரு சீட்

எங்கள் மன்றத்தில் நான் உபசெயலாளர். உபசெயலாளர் என்றால் குத்துவிளக்குக்குப் பொறுப்பு, வேறு வேலை கிடையாது. விளக்கைக் கொண்டுபோவது, எண்ணெய் விட்டுத் திரி போடுவது, பதினொரு பிரமுகர்கள் ஏற்றி முடியும்வரை காற்றுக்கு மறைப்பாக நிற்பது, பிறகு அணைத்து வீட்டுக்குக் கொண்டுவருவது. பதினான்கு வருடங்களாக இதைச் செய்கிறேன். மன்றத்தின் யாப்பில், அதாவது அதன் சட்டக்கோவையில், என் கடமைகள் மூன்று பக்கத்துக்கு இருக்கின்றன. மூன்று பக்கமும் விளக்கைப் பற்றியதுதான்.

இதை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. ஞானேஸ்வரன் அண்ணைக்கு நடந்ததைப் பற்றி லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். எல்லோரும் செயலாளரைத் திட்டுகிறார்கள், சிலர் தலைவரைத் திட்டுகிறார்கள். என்னை யாரும் திட்டவில்லை. அது எனக்கு நித்திரை வராமல் செய்கிறது.

மன்றம் ஆண்டுதோறும் ஒரு பட்டிமன்றம் நடத்தும். கைத்தொலைபேசியால் விளைவது நன்மையா தீமையா என்று மூன்று தடவை விவாதித்து, மூன்று தடவையும் இரண்டும் என்று தீர்ப்பு வாங்கியிருக்கிறோம். இந்த முறை தலைவர் குலசேகரம் உலக விவகாரத்துக்குள் இறங்க விரும்பினார். அவர் மிட்சம் என்ற இடத்தில் தபாற்கந்தோர் நடத்தி இளைப்பாறியவர். ஆப்கானிஸ்தானிலிருந்து அந்நியப் படைகள் வெளியேறியதன் ஆண்டு நிறைவு ஆவணியில் வருவதைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, படை வந்ததையும் போனதையும் எங்களை விட அதிகம் கண்டவர்கள் யார் என்று செயற்குழுவில் கேட்டார். பதில் சொல்ல யாருக்கும் நேரம் தரப்படவில்லை. ‘அந்நிய மண்ணிலிருந்து படைகளை மீட்டெடுத்ததால் விளைந்தது நன்மையே! தீமையே!’ என்று நோட்டீஸ் அடிக்கப்பட்டது. இரண்டு ஆச்சரியக்குறியும் தலைவர் கையால் போட்டவை.

பிரதம விருந்தினராக பிரிட்டிஷ் இராணுவத்தில் ஓய்வுபெற்ற ஒரு கேணலைப் பிடித்தார்கள். கேணல் ஹார்க்னெஸ் அந்தப் படைவிலகலில் முக்கியமான பதவியில் இருந்தவர்: யார் விமானத்தில் ஏறலாம் என்ற பட்டியலுக்குப் பொறுப்பானவர். அவருக்குத் தமிழ் தெரியாது. எங்கள் எல்லோருக்கும் ஆங்கிலம் தெரியும். ஆனால் மன்றத்தின் மேடையில் தமிழ் அல்லாத ஒரு சொல் ஒலித்தால் அது உடனே மொழிபெயர்க்கப்பட வேண்டும் என்று யாப்பில் இருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் பொன்னாடைக்கு உரியவர் அல்லர் என்றும் அதே பக்கத்தில் இருக்கிறது. அதனால் செயற்குழுவில் ஒருவரும் அந்த வேலைக்கு முன்வரவில்லை.

ஞானேஸ்வரன் அண்ணையைக் கண்டுபிடித்தவர் செயலாளர் யோகராஜா. அண்ணை ஜேர்மனியில் இருபது வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர், பிளேஸ்டோவில் வீடு, பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை. ஒருநாள் ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில், மரக்கறிக்கடை வாசலில், பார்க்கிங் டிக்கெட் எழுத வந்தவரோடு அவர் ஆங்கிலத்தில் ஏதோ பேச, வந்தவர் எழுதாமலேயே திரும்பிப் போய்விட்டார். இதை யோகராஜா கண்ணால் கண்டார். என்ன பேசினீர்கள் என்று நான் பிறகு அண்ணையைக் கேட்டேன். கார் தன்னுடையது இல்லை என்று சொன்னாராம்.

அண்ணை முதலில் மறுத்தார். அன்று பின்னேரம் ஹீத்ரோவுக்கு அவருடைய அக்கா வந்து இறங்குகிறா. இருபத்திரண்டு வருடமாக அவர் அக்காவைக் காணவில்லை. மூன்று தடவை விசா மறுத்து, நாலாம் தடவை கொடுத்திருந்தார்கள். பாலாம்பிகை அக்கா கொழும்புக்கு அப்பால் எங்கும் போனதில்லை, ஆங்கிலம் தெரியாது, கையிலிருக்கும் போன் இங்கே வேலை செய்யாது. வெளியே வரும்போது தம்பியின் முகம் எதிரே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

யோகராஜா சிரித்துக்கொண்டு அவருடைய தோளில் கை போட்டார். “அண்ணை, என்னட்டை செவன் சீட்டர் நிக்குது. அஞ்சு மணிக்கு ஹோலைத் திருப்பிக் குடுக்கவேணும், அஞ்சு பத்துக்கு வெளிக்கிட்டா ஆறரைக்கு ஹீத்ரோ. உங்களைக் கூட்டிக்கொண்டு போய் அக்காவை நானே ஏத்திக்கொண்டு வாறன். சூட்கேசுக்கும் இடமிருக்கு. இது மன்றத்தின்ரை வாக்கு.”

அண்ணை நம்பினார். அவர் ஜேர்மனியில் இருந்தவர், அங்கே ஐந்து பத்து என்றால் ஐந்து பத்து.

பட்டிமன்றம் இரண்டு மணிக்கு என்று போட்டிருந்ததால் மூன்றேகாலுக்குத் தொடங்கியது. விளக்கு ஏற்ற இருபது நிமிடம் போனது. பிறகு ஆசியுரை, வரவேற்புரை, தலைமையுரை, தலைமையுரைக்கு வாழ்த்துரை. நடுவர் கிருஷ்ணராசா தன் முன்னுரையில் ஆறு தொடக்கம் அலை வரைக்கும் எல்லாமே வந்து போகும் இயல்புடையவை என்று பத்தொன்பது நிமிடம் விளக்கினார். மேடை ஓரத்தில் கேணலுக்குப் பக்கத்தில் நின்ற அண்ணை கடைசிவரை கவனமாகக் கேட்டுவிட்டுக் குனிந்து அவர் காதில் சொன்னார்: குட் ஆஃப்டர்நூன் சொல்கிறார்.

கேணல் தலையசைத்தார். அவர் எதற்கும் தலையசைப்பார்.

அடுத்து சுவர்ணா ரீச்சர் தீமையே அணிக்காக எழுந்து, படை போன ஊரின் துயரத்தை அடுக்குமொழியில் இழைத்து இழைத்துச் சொல்லி, மூக்கைச் சிந்தி, கைதட்டல் வாங்கி அமர்ந்தா. அண்ணை அதைக் கேணலுக்கு மூன்று சொல்லில் கொடுத்தார்: இவ இதை விரும்பவில்லை. எதிரணியில் தர்சிகன் எழுந்து, அந்நியப் படை என்பது வாடகைக்கு வந்தவன் மாதிரி, போகத்தான் வேண்டும், போகும்போது கதவைச் சாத்திவிட்டுப் போனானா என்பதுதான் கேள்வி என்றான். அதற்கும் மூன்று சொல்: இவர் பரவாயில்லை என்கிறார். கேணல் தன் குறிப்புப் புத்தகத்தில் இரண்டையும் எழுதிக்கொண்டார். இவ்வளவு தெளிவாக யாரும் தனக்கு நிலைமையை விளக்கியதில்லை என்று அண்ணையிடம் சொன்னாராம்.

அண்ணை ஒவ்வொரு பேச்சுக்கும் நடுவில் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மேடையில் விளக்கடியில் நின்றதால் அது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

நாலு இருபதுக்குக் கேணல் பேச எழுந்தார். படைவிலகல் எந்தக் கோணத்தில் பார்த்தாலும் குறையில்லாதது என்றார். விமானங்கள் நேரத்துக்குக் கிளம்பின, கோப்புகள் அகர வரிசைப்படி எரிக்கப்பட்டன, தளபாடங்கள் எல்லாவற்றுக்கும் கையெழுத்து வாங்கப்பட்டது. திட்டத்துக்குள் அடங்காமல் போனது ஒன்றே ஒன்று, அது மனிதர்கள். அவர்கள் கூட்டமாக வந்துவிட்டார்கள். எல்லோருடைய பெயரும் இருந்தால் அது பட்டியல் ஆகாது, வெறும் சனக்கூட்டம்தான் என்று அவர் சொன்னபோது குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. தன் பட்டியல் பத்திரமாகத் திரும்பி வந்ததாகவும், இப்போது கண்ணாடிச் சட்டம் போட்டு ஒரு நூலகத்தில் தொங்குவதாகவும் சொன்னார்.

அண்ணை இதையெல்லாம் தமிழில் ஒரு வரியாகச் சுருக்கினார். “வெளிக்கிட்டுட்டினமாம்.”

சபை கைதட்டியது. ஆனால் அண்ணை ஒலிவாங்கியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அதுவரை மற்றவர்களுடைய பேச்சையே காவிக்கொண்டிருந்தவர், முதல்தடவையாகத் தன் கேள்வி ஒன்றைக் கேணலிடம் கேட்டார். உங்களுக்காக மொழிபெயர்த்த ஆக்கள் என்ன ஆனார்கள்?

கேணல் கையை நெஞ்சில் வைத்தார். அவர்கள் என்றென்றும் எங்கள் இதயங்களில் இருக்கிறார்கள் என்றார்.

அண்ணை சபையைப் பார்த்து, “அங்கையே விட்டுட்டு வந்திட்டினமாம். ஆனா மனசிலை வைச்சிருக்கினமாம்,” என்றார்.

சுவர்ணா ரீச்சர் அழுதா. தலைவர் குலசேகரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு எழுந்து, இந்த அநீதியை வரலாறு மன்னிக்காது என்று முழங்கினார். அந்த இடத்திலேயே அவசரத் தீர்மானம் ஒன்று வந்தது: ‘தனக்காக மொழிபெயர்த்த எந்தவொரு மனிதரையும் இம்மன்றம் எக்காலத்திலும் எந்நிலையிலும் கைவிடமாட்டாது.’ யோகராஜா முன்மொழிய, நான் வழிமொழிந்தேன். நேரம் நாலு நாற்பது. கூட்டக் குறிப்பேட்டில் என் கையெழுத்து இருக்கிறது.

நடுவர் தீர்ப்புரைக்காக மேசையில் கடதாசிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஹோல் பராமரிப்பாளர் வந்தார். சாவிக்கொத்தைக் குலுக்கி, சரியாக ஐந்துக்கு அலாரத்தைப் போட்டுவிட்டுப் போவேன், உள்ளே யார் நின்றாலும் எனக்குக் கவலையில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னார். இதை அண்ணை மொழிபெயர்ப்பதற்குள் சபை எழும்பிவிட்டது.

நான் அப்படியொரு வேகத்தை மன்றத்தில் அதற்கு முன் கண்டதில்லை. பதினொரு பிரமுகர்களும் ஒரே கதவால் வெளியேற முயன்றார்கள். மிஞ்சிய ரோல்ஸ் பலகாரத் தட்டுகளைப் பற்றி இரண்டு குடும்பங்களுக்கு இடையில் எல்லைத் தகராறு வந்தது. பதாகையை இழுத்தபோது ‘நன்மையே’ பாதி கிழிந்து சுவரிலேயே நின்றுவிட்டது. நடுவர் வாசலை நோக்கி நடந்துகொண்டே தீர்ப்பை வாசித்தார், இரு அணியும் தத்தம் வழியில் வென்றதாக அவர் சொன்னது கார்த் தரிப்பிடத்தில்தான் கேட்டது.

அப்போது கேணல் தன் தலையைத் தடவிப் பார்த்தார். தொப்பியைக் காணவில்லை. மேடைக்குப் பின்னால் உள்ள அறையில் விட்டிருந்தார். யோகராஜா திரும்பிப் பார்த்து, “ஞானேஸ்வரன் அண்ணை, உங்களுக்குத்தானே கேணலின்ரை தொப்பி தெரியும், ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வாங்கோ, நாங்கள் கார் ஸ்ராட் பண்ணுறம்,” என்றார்.

அண்ணை ஓடினார். தொப்பி பின்னறையின் வேறொரு மூலையில், சாப்பாட்டுப் பெட்டிகளுக்குக் கீழே இருந்ததாம்.

கார்த் தரிப்பிடத்தில் நடந்ததை நான் ஒளிக்காமல் சொல்கிறேன். செவன் சீட்டரில் ஏழு இருக்கை. யோகராஜா ஓட்டுகிறார். முன்னால் கேணல். நடுவில் தலைவரும் நடுவரும், அவர்களுக்கு இடையில் எல்லைத் தகராறில் மன்றம் பறிமுதல் செய்த ரோல்ஸ் தட்டுகள். பின்வரிசையில் நான். என் பக்கத்தில் குத்துவிளக்கு. மூன்றரையடி விளக்கைக் கழற்றினால் மூன்று துண்டாகும், சூட்கேஸ் வைக்கும் இடத்தில் போட்டிருக்கலாம். ஆனால் விளக்கைக் கழற்ற செயற்குழுத் தீர்மானம் வேண்டும். நான் அதை நிமிர்த்தி வைத்து, ஆடாமல் இருக்க சீட் பெல்ட்டும் போட்டுவிட்டேன்.

யோகராஜா கண்ணாடியால் பின்னுக்குப் பார்த்து, “எல்லாரும் ஏறியாச்சே?” என்று கேட்டார்.

நான் விளக்கைப் பார்த்தேன். ஓம் என்று சொன்னேன். கார் வெளிக்கிட்டது. பின்னால் பராமரிப்பாளர் ஷட்டரை இழுத்து விடுகிற சத்தம் கேட்டது. கேணலை ரொம்ஃபோர்ட்டில் விடவேண்டும் என்று யாரோ சொல்ல, ஹீத்ரோவுக்கு நேர் எதிர்த் திசையில் போய்க்கொண்டிருந்தோம்.

கால் மணித்தியாலத்தில் யோகராஜாவின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் அண்ணையின் குரல். தான் ஹோலுக்குள் நிற்பதாகச் சொன்னார். கோபப்படவில்லை, ஏதோ சின்னப் பிழை நடந்துவிட்டது, இப்போது திருத்திவிடுவார்கள் என்ற குரல்.

யோகராஜா காரை ஓரம் கட்டினார். பிறகு, எனக்கு இன்றுவரைக்கும் விளங்காத ஒரு காரியம் செய்தார். கோப்பைத் திறந்து பட்டியல்களைப் புரட்டத் தொடங்கினார். “அண்ணை, உங்கடை பேர் எந்தப் பட்டியலிலை? பேச்சாளர் பட்டியலிலை நீங்கள் இல்லை. விருந்தினரிலையும் இல்லை. செயற்குழுவும் இல்லை. வாகனப் பட்டியலுக்கு வியாழக்கிழமை வட்ஸ்அப்பிலை ஃபோம் போட்டனாங்கள், நிரப்பினீங்களே?”

அண்ணை தான் மன்றத்தின் வட்ஸ்அப்பில் இல்லை என்றார்.

“அப்ப இப்ப லிங்க் அனுப்புறன். அதிலை உண்மையா மொழிபெயர்த்தனீங்கள் எண்டு ஒரு ஆள் உறுதிப்படுத்தவேணும்.”

தலைவர் முன்னால் சாய்ந்து, கேணலே உறுதிப்படுத்தலாமே என்று யோசனை சொன்னார். கேணலுக்கு விஷயம் விளக்கப்பட்டது. அவர் நீளமாகப் பதில் சொன்னார். அது மன்றத்து அலுவல் என்பதால், யாப்பின்படி யோகராஜா போனைக் கேணலின் வாயருகே பிடித்து, பிறகு அண்ணையிடம் “மொழிபெயருங்கோ,” என்றார்.

ஸ்பீக்கரில் அண்ணை கடமையைச் செய்தார். “அப்பிடி ஒராளைத் தனக்குத் தனிப்பட ஞாபகம் இல்லையாம். ஆனா பங்களிச்ச எல்லாருக்கும் நன்றியாம். இதிலையிருந்து பாடம் படிக்கினமாம். தொப்பி பத்திரமே எண்டு கேக்கிறார்.”

“பத்திரமே?” என்று தலைவர் கேட்டார்.

“ஓம், கையிலை இருக்கு.”

அவசரகாலக் கதவு ஒன்று இருக்கிறதே என்று நான் அப்போதுதான் வாயைத் திறந்தேன். உள்ளிருந்து தள்ளினால் திறக்கும். மூவரும் ஒன்றாக என் பக்கம் திரும்பினார்கள். அதைத் தள்ளினால் அலாரம் அடிக்கும், தீயணைப்பு வாகனம் வரும், ஐப்பசியில் வாணி விழாவுக்கு இந்த ஹோலை இனித் தரமாட்டார்கள். யோகராஜா போனைக் கிட்டப் பிடித்து, சமூகத்தின் மானம் இப்போது உங்கள் கையில்தான் இருக்கிறது, பராமரிப்பாளர் நாளைக் காலை எட்டுக்கு வருவார் என்று பணிவாகச் சொன்னார். அண்ணை சரி என்றார். காரில் ரோல்ஸ் பகிரப்பட்டது, நானும் ஒன்று தின்றேன்.

இனி அண்ணை எனக்குப் பிறகு சொன்னது. அவர் மேடையில், நடுவரின் உயர்ந்த கதிரையில், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். அந்த ஃபோமை நிரப்பவும் பார்த்திருக்கிறார். ‘நீங்கள் எந்த அணி’ என்ற கேள்விக்கு மேல் அது நகரவில்லை. ஆறு பத்துக்குப் போன் வந்தது. விமான நிலையத்தில் கோப்பி விற்கிற ஒரு தமிழ்ப் பிள்ளையின் போனிலிருந்து அக்கா.

“தம்பி, எங்கை நிக்கிறாய்?”

அண்ணை எல்லாவற்றையும் சொன்னார். தீர்மானம், பட்டியல், ஃபோம், அலாரம், வாணி விழா. அக்கா குறுக்கே பேசாமல் கேட்டா.

“கதவு உள்ளுக்கிருந்து திறக்குமே?”

“திறக்கும். ஆனா அக்கா, மன்றம்...”

“இந்தியன் ஆமி வரேக்கையும் எங்களைக் கேக்கேல்லை, போகேக்கையும் கேக்கேல்லை. அதுக்குப் பிறகு வந்தவையும் கேக்கேல்லை. எல்லாத்துக்கும் நாங்கள்தான் கதவைத் திறந்துகொண்டு ஓடினனாங்கள். இருபத்திரண்டு வருசம் உன்னைப் பாக்காமல் இருந்திட்டன், நாளைக்கு எட்டு மணிமட்டும் என்னாலை ஏலாது. தள்ளடா.”

அண்ணை தள்ளினார்.

அலாரம் ஹை ஸ்ட்ரீட் முழுக்கக் கேட்டதாம். நகைக்கடைக்காரர்கள் தங்களுடையது என்று நினைத்து ஷட்டரை இழுத்திருக்கிறார்கள். அண்ணை கையில் பிடித்தபடி ஓடமுடியாமல் தொப்பியைத் தலையில் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடி, டிஸ்ட்ரிக்ட் லைனில் ஏறி, இடையில் மாறி, எட்டுமணிக்கு ஹீத்ரோ போய்ச் சேர்ந்தார். அக்கா சூட்கேசுக்கு மேல் இருந்தா. தலை முழுக்க வெள்ளை. அண்ணைக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா எழும்பி, அவருடைய முகத்தைத் தடவிவிட்டு, பிறகு மேலே பார்த்து, “உதென்ன கோலமடா,” என்றாவாம்.

அடுத்த நாள் மன்றத்தின் அறிக்கை வட்ஸ்அப்பில் வந்தது. மண்டபத்திலிருந்து வெளியேற்றம் குறித்த நேரத்தில் ஒழுங்காக நடந்தது, குத்துவிளக்குக்குச் சேதமில்லை, யாவரும் நலமாக வீடு சேர்ந்தனர். என் பெயரைக் குறிப்பிட்டுப் பாராட்டியிருந்தார்கள். அதற்குக் கீழே நூற்றுப்பத்துப் பேர் கைகூப்பியிருந்தார்கள்.

ஹோல் போய்விட்டது. அதனால் செயற்குழு யோகராஜா வீட்டுக் கராஜில் கூடி, நடந்ததை ஆழமாக ஆராய முடிவெடுத்தது. சிறப்புப் பட்டிமன்றம்: ‘மொழிபெயர்ப்பாளரை மண்டபத்தில் விட்டுவந்ததால் விளைந்தது நன்மையே! தீமையே!’ கேணலும் தொப்பி வாங்க வருவதாகச் சொன்னார். மொழிபெயர்க்க ஞானேஸ்வரன் அண்ணையைக் கேட்பதென்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். நன்மையே அணியில் இரண்டாவது பேச்சாளராக என்னைப் போட்டார்கள். அனுபவம் உள்ளவன் என்பதால்.

அண்ணை பதில் போடவில்லை. ஒரு படம் மட்டும் அனுப்பினார். பிளேஸ்டோ வீட்டின் பின்வளவில் அக்கா உடுப்புக் காயப்போடுகிறா, தலையில் கேணலின் தொப்பி. வெயிலுக்கு நல்லதாம்.

நான் பேச்சு எழுத இருந்தேன். விளக்கு மன்றத்தின் அடையாளம் என்று ஒரு பக்கம் எழுதினேன். இரண்டாம் பக்கத்தில், எல்லாரும் ஏறியாச்சா என்று கேட்டபோது நான் என்ன சொன்னேன் என்பதை எழுதவேண்டியிருந்தது. அதற்கு மேல் கை ஓடவில்லை. வெட்கமாக இருந்தது. அடுத்த நாள் விளக்கை மூன்று துண்டாகக் கழற்றி, எந்தத் தீர்மானமும் இல்லாமல், தலைவர் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தேன்.

அக்கா திரும்பிப் போகிற நாளில் என்னுடைய சின்னக் காரைக் கொண்டுபோய் அண்ணை வீட்டு வாசலில் நிறுத்தினேன். நான் யார் என்று அண்ணை முதலே சொல்லியிருக்க வேண்டும். அக்கா படியில் நின்று என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தா. நான் முன்கதவைத் திறந்து பிடித்தேன். அவ குனிந்து பின்சீட்டை ஒருதரம் எட்டிப் பார்த்தா, பிறகு என்னைப் பார்த்தா.

“பட்டியலிலை என்ரை பேர் இருக்கே தம்பி?”

அக்கா முன்சீட்டில் ஏறி இருந்து, பெல்ட்டைத் தானே இழுத்துப் போட்டுக்கொண்டு, தன்ரை தம்பி ஏறும்வரைக்கும் காரை எடுக்கவேண்டாம் என்றா.